4294967295: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் படிக்க முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மளிகைக் கடையின் கணினித் திரையில் இந்த எண்ணை முதன்முதலாகப் பார்த்தேன். துவரம் பருப்பு அரைக் கிலோ பாக்கெட், இருப்பு 4294967295. அலமாரியில் ஒரு பாக்கெட்கூட இல்லை. கடைசிப் பாக்கெட் விற்றுத் தீர்ந்த பிறகு தவறுதலாக இன்னொரு பில் போட்டுவிட்டார்கள். பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டிய கட்டாயம் மென்பொருளுக்கு. குறை எண்ணுக்கு அதில் இடமே வைக்கவில்லை. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 00000-இலிருந்து ஒரு படி பின்னால் சுழன்றால் 99999 காட்டுவது போல, அது தன்னால் எழுத முடிந்த மிகப் பெரிய எண்ணைக் காட்டிவிட்டது.

"429 கோடி பாக்கெட்டா?" என்று கடைக்காரர் என்னைப் பார்த்தார். அன்றிரவு அந்த எண்ணை நோட்டில் எழுதிப் பிரிக்க ஆரம்பித்தேன். அப்போது தொற்றிய பிரியம் இன்னும் விடவில்லை. நீங்களும் அதே வழியில் போய்ப் பார்க்கும்படி படிப்படியாக எழுதுகிறேன். ஒரு நோட்டு, ஒரு பென்சில், கடைகளில் வைத்திருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டர் இருந்தால் போதும். 8 இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண் அடங்காது.

படி 1: வாய்விட்டுப் படியுங்கள்

காற்புள்ளி வைத்து எழுதினால் 429,49,67,295. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. வாய்விட்டுச் சொன்னால்தான் எண்ணின் பருமன் மனசில் உட்காரும். இத்தனை நொடிகள் சேர்ந்தால் ஏறத்தாழ 136 ஆண்டுகள்.

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை தெரிந்திருக்கும். கேரளத்தில் அதை அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயில் பால்பாயசத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். பலகையில் சரிபாதி, அதாவது 32 கட்டங்கள் நிரம்பும்போது மொத்தம் எத்தனை அரிசி? சரியாக 4294967295. ஒரு அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 25 கிலோ சிப்பத்தில் பத்து லட்சம் அரிசி. ஆகப் பாதிப் பலகைக்கு 4,295 சிப்பம், ஏறக்குறைய 107 டன். ஒரு நெல் மண்டியில் அடுக்கிவிடலாம். மீதிப் பாதியைத்தான் எந்த ராஜாவாலும் கொடுக்க முடியாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

படி 2: பள்ளியில் படித்த சோதனைகள்

கடைசி இலக்கம் 5. எனவே 2 ஆல் வகுபடாது, 5 ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 95 என்பதால் 25 ஆல் வகுபடாது.

இலக்கங்களைக் கூட்டுங்கள்: 4+2+9+4+9+6+7+2+9+5 = 57. இது 3 ஆல் வகுபடும், 9 ஆல் வகுபடாது. ஆகவே நம் எண்ணில் 3 ஒரே ஒரு முறைதான் காரணியாக இருக்கிறது.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்கலாம். 7 × 11 × 13 = 1001 என்பதால் வரும் வசதி இது. வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள் (இங்கே கோடி, லட்சக் காற்புள்ளியை மறந்துவிடுங்கள்): 295, 967, 294, 4. மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் 295 − 967 + 294 − 4 = −382. அந்த 382-ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 4, 11 ஆல் வகுத்தால் 8, 13 ஆல் வகுத்தால் 5. மூன்றுமே ஒத்துவரவில்லை.

சரி, தெரிந்தவற்றை வகுத்துவிடுவோம். 3 ஆல் வகுத்தால் 1431655765. அதை 5 ஆல் வகுத்தால் 286331153. அடுத்த பகா எண் 17. வகுத்தால் 16843009, மீதி இல்லை.

இதற்கப்புறம்தான் பாடு. 19, 23, 29 என்று ஒவ்வொரு பகா எண்ணாகப் போட்டுப் பார்த்தேன். 251 வரைக்கும் 47 பகா எண்கள், ஒன்றுகூட ஒத்துவரவில்லை. 48-ஆவதாக 257 போட்டதும் மீதியின்றிப் போயிற்று. ஈவு 65537.

எனவே 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. நீங்கள் இந்த 47 வகுத்தல்களையும் செய்ய வேண்டியதில்லை. நான் செய்தபோது அடுத்த படி எனக்குத் தெரியாது.

படி 3: பக்கத்து வீட்டைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு பெரிய எண் கைக்கு வந்தால், அதைக் குடைவதற்கு முன் ஒன்றைக் கூட்டியும் ஒன்றைக் கழித்தும் பாருங்கள். பத்து இலக்கங்களாகப் பார்க்கும்போது எண்ணின் பிறப்பு தெரியாது. அது எப்படி உண்டானது என்று தெரிந்துவிட்டால் குணங்கள் தானாக வந்து விழும்.

கால்குலேட்டரில் 4294967296 என்று போட்டு வர்க்கமூலப் பொத்தானை அழுத்துங்கள். 65536. மறுபடி அழுத்துங்கள், 256. மறுபடி, 16. அப்புறம் 4. அப்புறம் 2. ஐந்து முறையும் தசமப் புள்ளி எட்டிப் பார்க்கவில்லை. ஆக 4294967296 என்பது 2³². நம் எண் 2³² − 1.

இரும எண்ணாக எழுதினால் நம் எண் 32 ஒன்றுகள், வேறொன்றும் இல்லை. 32 விளக்குகள் உள்ள பலகையில் எல்லாம் எரிகிற நிலை. கடைக் கணினி காட்டியது இதைத்தான். இணைய முகவரிகளில் 255.255.255.255 என்று பார்த்திருப்பீர்கள், அதுவும் எட்டெட்டு விளக்குகளாகப் பிரித்து எழுதிய இதே எண். படி 2-இல் வந்த 16843009-ஐ அந்த முறையில் எழுதினால் 1.1.1.1. நம் எண் 255 × 16843009 என்பது அப்போது கண்ணுக்கே தெரிகிறது.

இனி எட்டாம் வகுப்பு முற்றொருமை போதும்: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்பது அவற்றின் மூலங்களின் கூடுதலையும் வித்தியாசத்தையும் பெருக்கி வருவது.

2³² − 1 = 65535 × 65537
65535 = 255 × 257
255 = 15 × 17
15 = 3 × 5

நான்கே வரி. 47 வீண் வகுத்தல்களுக்குப் பதில் நான்கு வரி. அன்றைக்கு நோட்டில் இதை எழுதி முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படி 4: 65537 உண்மையிலேயே பகா எண்தானா?

காரணிப்படுத்தி முடித்துவிட்டோம் என்று சொல்லும் முன் இதை உறுதிசெய்ய வேண்டும். நேர்வழியில் போனால் 65537-இன் வர்க்கமூலமான 256 வரை உள்ள 54 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் கண்டுபிடித்த வழியில் இரண்டே வகுத்தல்.

ப என்ற பகா எண் 65537-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 65537 = 2¹⁶ + 1. எனவே 2¹⁶-ஐ ப ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது ப-இன் மடங்குக்கு ஒன்று குறைவு). அதை வர்க்கப்படுத்தினால், 2³²-ஐ ப ஆல் வகுக்கும்போது மீதி 1. 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை வரிசையாக ப ஆல் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் சுழன்று சுழன்று வரும். சுழற்சியின் நீளம் 32-ஐ வகுக்க வேண்டும், ஆனால் 16-ஆவது இடத்தில் மீதி 1 இல்லை. அப்படியானால் நீளம் 32 தவிர வேறாக இருக்க முடியாது. ஃபெர்மாவின் சிறு தேற்றமோ (ப − 1)-ஆவது அடுக்கில் மீதி 1 என்கிறது. எனவே ப − 1 என்பது 32-இன் மடங்கு.

256-க்குள் 32-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்கள் 33, 65, 97, 129, 161, 193, 225. இவற்றில் பகா எண்கள் 97, 193 மட்டுமே.

97 × 675 = 65475, மீதி 62.
193 × 339 = 65427, மீதி 110.

இரண்டும் போகவில்லை. 65537 பகா எண். இதே தர்க்கத்தை 257-க்குப் போட்டால் வகுத்துப் பார்க்க ஒரு எண்கூட மிஞ்சாது, செய்து பாருங்கள். இருமத்தில் 65537-க்கு முதலும் கடைசியும் மட்டும் ஒன்று, நடுவில் பதினைந்து பூஜ்யம். அதனால் கணினிக்கு இதன் அடுக்கைக் கணக்கிடுவது எளிது. வங்கிப் பரிமாற்றங்களையும் இணையதளங்களையும் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டு முறையில் பொதுச் சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் இதைத்தான் வைக்கிறார்கள்.

படி 5: எல்லா வகுத்திகளையும் எழுதுங்கள்

ஐந்து பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரு முறை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம், விடலாம். 2 × 2 × 2 × 2 × 2 = 32 வகுத்திகள். முதல் பதினாறு:

1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257, 771, 1285, 3855, 4369, 13107, 21845, 65535

இந்த ஒவ்வொன்றையும் 65537 ஆல் பெருக்கினால் அடுத்த பதினாறு.

இந்தப் பட்டியலைப் பெருக்காமலே வரைந்து எடுக்க ஒரு வழி இருக்கிறது. எனக்கு இந்த எண்ணிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். பாஸ்கல் முக்கோணம் என்று பள்ளியில் சொல்லித் தருவது. நம் நாட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஹலாயுதர் மேருப் பிரஸ்தாரம் என்ற பெயரில் விவரித்திருக்கிறார். மேலே இருக்கும் இரண்டு எண்ணைக் கூட்டி கீழே எழுதிக்கொண்டே போக வேண்டும். எண்களை எழுத வேண்டாம். ஒற்றைப்படை வந்தால் 1, இரட்டைப்படை வந்தால் 0 என்று மட்டும் போடுங்கள்:

1
1 1
1 0 1
1 1 1 1
1 0 0 0 1
1 1 0 0 1 1
1 0 1 0 1 0 1
1 1 1 1 1 1 1 1

இப்போது ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள்: 1, 3, 5, 15, 17, 51, 85, 255. அப்படியே நம் பட்டியல், அதே வரிசையில்! கட்டம் போட்ட தாளில் 32 வரி வரை போங்கள். 1 வரும் கட்டங்களுக்குக் கறுப்பு அடியுங்கள். முக்கோணத்துக்குள் முக்கோணமாகக் கோலம் போல விரியும். கடைசி வரி முழுக்கக் கறுப்பு: 32 ஒன்றுகள், 4294967295. அதற்கு மேலிருக்கும் 31 வரிகளும் அதன் மற்ற வகுத்திகள், ஒன்று விடாமல், ஒன்று கூடாமல். மாலை நேரத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்து செய்ய அருமையான வேலை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

படி 6: வகுத்திகளின் கூட்டுத்தொகை

ஒவ்வொரு பகாக் காரணியோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் போதும்: 4 × 6 × 18 × 258 × 65538 = 7304603328. இதில் நம் எண்ணைக் கழித்தால் 3009636033. எண்ணைவிடக் குறைவு. எனவே இது குறைவெண் வகையைச் சேர்ந்தது. ஒற்றைப்படை எண்களில் பெரும்பாலானவை அப்படித்தான், இதில் வியக்க ஒன்றுமில்லை.

படி 7: சார்பகா எண்களை எண்ணுங்கள்

வியப்பு இங்கே இருக்கிறது. 1 முதல் 4294967295 வரை உள்ள எண்களில், நம் எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? ஆய்லர் தந்த விதிப்படி ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்க வேண்டும்.

2 × 4 × 16 × 256 × 65536

எல்லாமே 2-இன் அடுக்குகள். அடுக்குகளைக் கூட்டினால் 1 + 2 + 4 + 8 + 16 = 31. விடை 2³¹, அதாவது 2147483648. பக்கத்து எண்ணான 2³²-இல் சரிபாதி.

அப்படியானால் பொதுக் காரணி உள்ளவை எத்தனை? 4294967295 − 2147483648 = 2147483647. இதுவே ஒரு பகா எண். 2³¹ − 1 பகா எண் என்று 1772-இல் ஆய்லர் நிறுவினார். பல கணினிகளில் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணும் கணக்கு இந்த எண்ணில் முட்டி நிற்கப் போவதால்தான் 2038-ஆம் ஆண்டுச் சிக்கல் என்று பேசுகிறார்கள். குறை எண்ணுக்கு இடம் விடாமல் எண்ணும் கணினிகள் நம் 4294967295 வரை தாங்கும், அதாவது 2106 பிப்ரவரி 7 வரை.

படி 8: வட்டத்தில் வரையுங்கள்

2, 4, 16, 256, 65536 என்று 2-இன் அடுக்குகளாகவே வந்ததற்கு வடிவியலில் ஒரு பெரிய பலன் உண்டு. அளவுகோலில் கோடும் காம்பஸில் வட்டமும் மட்டும் போட்டு எந்த ஒழுங்கு பலகோணங்களை வரையலாம் என்பது கிரேக்கர் காலத்துக் கேள்வி. முக்கோணம், ஐங்கோணம், பதினைங்கோணம் அவர்களுக்குத் தெரியும். ஏழுகோணம் வரவில்லை. இரண்டாயிரம் ஆண்டு கழித்து 1796-இல், பதினெட்டு வயது காஸ் 17 பக்கப் பலகோணத்தை வரையலாம் என்று காட்டினார். 2-இன் ஓர் அடுக்கோடு ஒன்று கூட்டி வரும் பகா எண்களும், அவற்றில் வெவ்வேறானவற்றைப் பெருக்கி வருபவையும் வரையக்கூடியவை என்றார். வேறெந்த ஒற்றைப்படை எண்ணுக்கும் முடியாது என்பதை 1837-இல் வான்செல் நிறுவினார்.

அத்தகைய பகா எண்களாக இன்றுவரை தெரிந்தவை ஐந்தே: 3, 5, 17, 257, 65537. நம் காரணிகள்! ஆகவே இன்று நமக்குத் தெரிந்து வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31. படி 5-இன் பட்டியலில் 1-ஐ நீக்கிவிட்டால் அவை அத்தனையும் அங்கேயே இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது. 65537 பக்கப் பலகோணத்துக்கான வழியை எழுத ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டு செலவழித்தார். 1894-இல் முடித்த அந்தக் கையெழுத்துப் படி கட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் பலகோணத்தைப் பூமியின் நடுக்கோட்டில் வரைந்ததாகக் கற்பனை செய்யுங்கள். சுற்றளவு 40,075 கிலோமீட்டர். ஒரு பக்கத்தின் நீளம் 9.3 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தின் அகலம். அந்தப் பக்கத்துக்கும் உண்மையான வட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஓர் அணுவின் பருமனைவிடச் சிறியது.

படி 9: அந்தப் பக்கத்து வீடு

நம் எண்ணோடு 2 கூட்டினால் 4294967297, அதாவது 2³² + 1. வரிசையைப் பாருங்கள்: 2+1, 2²+1, 2⁴+1, 2⁸+1, 2¹⁶+1. ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படியே இருக்கும், அதற்கு மேலும் அப்படியே போகும் என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பினார்.

நம் ஐந்து பகா எண்களில் எதைக் கொண்டு வகுத்தாலும் 4294967297-இல் மீதி 2 வரும். அது நம் எண்ணோடு 2 கூட்டியதுதானே. எனவே அந்த ஐந்தும் அதற்குக் காரணியாக முடியாது. இந்தச் சின்னக் கவனிப்பை விரித்து, பகா எண்கள் முடிவில்லாதவை என்பதற்கே ஒரு நிறுவலாக 1730-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதினார்.

1732-இல் ஆய்லர் ஃபெர்மாவின் நம்பிக்கையை உடைத்தார். படி 4-இன் வழியில் போனால், இங்கே காரணிகள் 64-இன் மடங்கோடு ஒன்று கூடியவையாக இருக்க வேண்டும். அந்த வகைப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் கதவு திறக்கிறது: 641 × 6700417 = 4294967297.

பெரிய வகுத்தல் இல்லாமலே இதைச் சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1. எனவே 641 ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 625 + 16 = 5⁴ + 2⁴. ஆக 5⁴-க்குப் பதில் −2⁴ என்று போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வருகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

ஃபெர்மாவின் வரிசையில் அதற்கடுத்தவற்றைத் தேடியவர்கள் பலர். 2³² + 1-இல் தொடங்கி அடுத்தடுத்து 28 எண்கள் பகு எண்கள் என்று தீர்ந்துவிட்டது.

படி 10: முழுப் பலகை

இப்போது ராஜாவிடம் திரும்புவோம். 64 கட்டங்களும் நிரம்பினால் அரிசி 2⁶⁴ − 1, அதாவது 18446744073709551615. இருபது இலக்கம். கால்குலேட்டர் கைவிட்டுவிடும். ஆனால் படி 3-இன் முற்றொருமைப்படி அது 4294967295 × 4294967297. இரண்டையும் ஏற்கெனவே பிரித்துவிட்டோம்:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகாக் காரணிகள், 128 வகுத்திகள். கட்டம் போட்ட தாளில் கறுப்பு வெள்ளை முக்கோணத்தை 64 வரி வரை நீட்டினால் கடைசி வரி இந்த எண்ணாகவே இருக்கும். மேலே உள்ள வரிகளும் இதை வகுக்கும். ஆனால் மொத்தம் 64 வரிதான், வகுத்திகளோ 128. 641-ம் 6700417-ம் ஒன்றைவிட்டு ஒன்று தனியாக வரும் வகுத்திகள் எதற்கும் முக்கோணத்தில் இடமில்லை. 32-ஆம் வரியில் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய கோலம் 33-ஆம் வரியில், 4294967297-இல், கைவிடுகிறது. அந்த வரியைத் தாளில் வரைந்து பாருங்கள்: இரு முனைகளிலும் ஒவ்வொரு கறுப்புக் கட்டம், நடுவில் 31 வெள்ளைக் கட்டங்கள்.